மாரடைப்புக்குப் பின் எங்கள் வீடு



மாரடைப்பு எனக்குத்தான் வந்தது. ஆனால் ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல வருகிறது. வீட்டில் நால்வருக்கும் வந்தது போலத்தான் இருந்தது.

கணவரும் வைத்தியர். தாடையில் நோ, ஓங்காளம், பெரும் களைப்பு. பெண்களுக்கு இப்படியும் வரும் என்று படித்த நாங்களே ‘காஸ்ரிக்’ என்று முடிவெடுத்தோம். மாலைக் கிளினிக்கில் கடைசி நோயாளரையும் பார்த்து முடித்த பிறகுதான் ஈ.சீ.ஜி. எடுத்தோம்.

அடைபட்ட குழாய்க்கு ஸ்ரென்ட் வைத்தது சிறிது நேர வேலை. வீடு தேறத்தான் நாட்கள் எடுத்தன. தேங்காய் துருவவும் விடமாட்டார்கள். சின்ன மகள் இரவில் எழும்பி வந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வந்தன. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு பலருக்கு வருவதுதான். நோயாளருக்கு அதைச் சொல்லும் நாங்கள், எங்கள் வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டோம். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

வேலைக்குத் திரும்பியபோது இரவுக் கடமை இல்லை. வருமானம் குறைந்தது, எங்கள் பங்கைச் சக வைத்தியர்கள் சுமந்தார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

இலங்கையில் இருப்பவர்கள் 1990 என்ற இலக்கத்தைப் பதிந்து வையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வெளிநாட்டுத் தோழியர் உங்கள் நாட்டு இலக்கத்தைப் பதியுங்கள். அடுப்பில் கறி கொதித்தாலும் அணைத்துவிட்டு உடனே அழையுங்கள். எங்கள் வீட்டில் சின்ன மகள் அந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.