இரண்டு முறை விடிந்த பயணம்

விமான டிக்கெட் எடுக்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை மணி நேரம்? கிலோமீட்டரை யாரும் கேட்பதில்லை. அதில் தப்பும் இல்லை. உட்கார்ந்து மரத்துப்போன காலுக்குக் கிலோமீட்டர் கணக்கா தெரியும்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து லண்டனுக்கு இன்று எங்கும் இறங்காமல் போகலாம். சுமார் 14,500 கிலோமீட்டர். 17 மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். அதே பெர்த்திலிருந்து இலங்கைக்கு வர, சுமார் 5,650 கிலோமீட்டரைக் கடக்க, ஒரு காலத்தில் 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த விமானப் பாதை அதோடு அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட, 1943 ஜூன் கடைசியில் குவான்டாஸ் விமான நிறுவனம் ஒரு ரகசியச் சேவையைத் தொடங்கியது. ஒரு முனை பெர்த்தின் ஸ்வான் ஆறு. மறுமுனை இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கல ஏரி. ஓடுபாதை தேவையில்லை. கேட்டலினா என்ற அந்த விமானம் தண்ணீரிலேயே ஓடி எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும்.

நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வழியில்லை. முழுவதையும் சுமந்துகொண்டே கிளம்ப வேண்டும். அதற்காக, அவசியமில்லாத சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கூடுதல் டாங்கிகளை வைத்தார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். நம் ஊர் பஸ்ஸின் கடைசி சீட்டிலேயே இதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்!

சரி, 27க்கும் 33க்கும் இடையில் ஏன் அந்த ஆறு மணி நேர இழுபறி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்டலினாவின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். காற்று பின்னாலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கொடுத்தால் 27 மணி நேரத்தில் கரை தெரியும். அதே காற்று எதிரே நின்று 30 கிலோமீட்டரைப் பிடுங்கிக்கொண்டால் 33 மணி நேரம். இன்றைய ஜெட் 900 கிலோமீட்டர் வேகத்தில் போவதால் அந்த 30 அதற்கு ஒரு பொருட்டில்லை. கேட்டலினாவுக்கோ டாங்கியின் அடிமட்டம் தெரிந்துவிடும்.

வழியெல்லாம் எதிரி ரோந்து. வானொலியில் வாய் திறக்கக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே திசை பிடித்தார்கள். சேவையில் இருந்த ஐந்து விமானங்களுக்கும் ரைகல், ஸ்பைக்கா, வேகா, ஆல்டேர், அன்டாரஸ் என்று நட்சத்திரப் பெயர்களே வைத்தார்கள். ஸ்பைக்கா வேறொன்றுமில்லை, நம்முடைய சித்திரை. அன்டாரஸ் நம் கேட்டை.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிக்கும். அதைக் கண்ட பயணிகளுக்கு ‘இரட்டை விடியலின் ரகசிய அணி’யில் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வேடிக்கைதான். ஆனால் மூக்கில் பெட்ரோல் வாடையோடு, பேரிரைச்சலில், ஒரு நாளுக்கும் மேலே உட்கார்ந்து வந்தவருக்கு ஒரு காகிதமாவது கொடுக்க வேண்டாமா?

1945 ஜூலைக்குள் 271 முறை அந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட வழியில் விழவில்லை. ஆனால் அவை அமெரிக்காவிடம் போர்க்கால ஏற்பாட்டில் இரவலாக வாங்கியவை. போர் முடிந்ததும் அந்த ஏற்பாட்டின்படி, ஐந்தையும் ஆஸ்திரேலியக் கடலிலேயே மூழ்கடித்துவிட்டார்கள்.