பழக்கம் என்று எதைச் சொல்கிறார்கள்?

(மாணவர் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

'பழக்கவழக்கமும் உடல்நலமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பிலேயே ஒரு சூது இருக்கிறது. சேரிக்கு மருத்துவ முகாம் போட வருகிறவர்கள் வேனிலிருந்து முதலில் இறக்கி வைப்பது இந்தப் 'பழக்கம்' என்கிற சொல்லைத்தான். குடிக்காதே, புகையிலை போடாதே, கை கழுவு, கீரை சாப்பிடு. யோசனையெல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தண்ணியில கை கழுவறது? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் வீட்டுக் குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். குடிநீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தால் உள்ளே மனித மலம். அந்தக் குழந்தைகளை எந்தப் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்வது? 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்ததை உரிமைப் போர் என்று படிக்கிறோம். அதைப் பொதுச் சுகாதார வரலாற்றிலும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

குடியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச வேண்டும். மலக்குழியில் இறங்குகிற தோழர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். குடிக்காம உள்ளே எறங்க முடியாது என்பதைத்தான் விதவிதமாகச் சொல்வார்கள். நாற்றத்தைப் பொறுக்க வேண்டும், அருவருப்பை மறக்க வேண்டும், வீட்டுக்கு வந்து அதே கையால் சோறு பிசைய வேண்டும். அங்கே சாராயம், வாளியும் கயிறும் மாதிரி ஒரு வேலைச் சாமான். முகமூடியும் காற்றுக் குழாயும் தர வேண்டியவன் தரவில்லை, அந்த இடத்தில் ஒரு குவார்ட்டர் நிற்கிறது. வேலை சொல்கிறவனே வாங்கிக் கொடுப்பதும் உண்டு.

குழிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாத்தம் போச்சு, பரவாயில்லை என்று நினைக்கிற நேரத்தில் ஆள் சாய்கிறான். தூக்கப் போகிறவனும் சாய்கிறான். மறுநாள் டீக்கடையில் பேச்சு: 'குடிச்சிட்டு எறங்கியிருக்கான்.' இறக்கிவிட்டவன் தப்பித்துக்கொள்கிறான், செத்தவனின் பழக்கம் குற்றவாளியாகிறது. 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2013இல் இன்னொன்று. மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் கொடு என்றது உச்ச நீதிமன்றம் 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகைதான் ஏறியது.

நடவு வயலில் நிற்கிற பெண் வாயில் புகையிலையை அடக்கிக்கொள்வது ருசிக்காகவா? நிக்கோட்டின் பசியை அமுக்கும், மதியம் வரை இழுத்துக்கொண்டு போகலாம். ஒதுங்க இடமில்லாததால் அவள் தண்ணீரும் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து போனால் 'தண்ணி குடிக்கிற பழக்கமே இல்ல ஒங்களுக்கு' என்று திட்டு.

அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கீரையில் இருக்கிற இரும்பைவிடக் கறியில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. ஏழைக்குக் கட்டுப்படியாகிற கறி மாட்டுக்கறி. பேரீச்சை, மாதுளை, ஆட்டு ஈரல் என்று அடுக்குகிறவர்கள் வாயில் அந்தப் பேர் மட்டும் வராது. வாடகை வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதைச் சமைக்க வேண்டியிருக்கிறதே, அது பழக்கமா, ஒடுக்குமுறையா?

இங்கே நம் ஆட்கள் சிலரோடு எனக்கு ஒரு தகராறு. 1990களில் தலித் பண்பாடு பற்றிப் பேசியபோது மாட்டுக்கறியையும் குடியையும் ஒரே மூச்சில் கலகப் பண்பாடு என்று கொண்டாடியவர்கள் உண்டு. மாட்டுக்கறிக்கு நானும் கூட வருகிறேன். குடிக்கு வரமாட்டேன். அது அரசாங்கத்தின் கல்லாப் பெட்டி. 2003இலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். 2023-24இல் மட்டும் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த விலையும் கொடுக்க முடியாதவர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. பெரும்பாலும் கூலிக்காரர்கள், பெண்களும் உண்டு. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பிணங்கள் கிடக்கும்போதே 'குடிகாரனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு கேவலமோ, குடித்துவிட்டு வந்தவனிடம் அடிவாங்குகிறவளைக் கேட்காமல் குடியைக் கலகம் என்று கவிதை எழுதுவதும் அவ்வளவு கேவலம்.

சரி, குடியையும் பீடியையும் நாளைக்கே விட்டுவிட்டால்? இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1967இல் லண்டன் அரசு ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். மேலதிகாரியைவிடக் கடைநிலை ஊழியர் மாரடைப்பில் சாவது மும்மடங்குக்கு மேல். புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மிச்சம் நின்றது. எல்லோருக்கும் அங்கே நாற்காலியும் சம்பளமும் இருந்தது, தோழர்களே. நம் கணக்கு வேறு: இந்தியாவில் தலித் பெண்ணின் சராசரி இறப்பு வயது உயர்சாதிப் பெண்ணுடையதைவிட 14.6 ஆண்டு குறைவு என்று 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை சொன்னது.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள். முகாம் பதிவேட்டில் 'குடிப்பழக்கம் உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போடச் சொல்லிக் கேளுங்கள். என்ன வேலை? அந்த வேலைக்கு அனுப்பியது யார்? தெருத் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? மாட்டேன் என்பார்கள். அப்படியானால் நாமே ஒரு நோட்டுப் போட்டு எழுதுவோம். வங்கியில் கட்டம் போட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன், நோட்டும் நானே வாங்கி வந்துவிடுகிறேன்.