முதற் பாராளுமன்றம் தந்த பாடம்



இலங்கையின் முதற் பாராளுமன்றம் 1947ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதி கூடியது. பிரதிநிதிகள் சபையில் மக்கள் தெரிந்தோர் 95 பேர். நியமனம் பெற்றோர் அறுவர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் யாவரும் ஒரே சபையில் அமர்ந்தனர். தோட்டத் தொழிலாளரின் வாக்குப் பலத்தால் நுவரெலியாவிலிருந்து தொண்டமானும், நாவலப்பிட்டியிலிருந்து இராஜலிங்கமும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் வேலுப்பிள்ளையும் வந்தனர்.

அச்சபையே 1948இற் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. தொழிலாளரிற் பெரும்பாலோர் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசார் ஒருவரேனும் தெரிவாகவில்லை. ஒரு சமூகத்துக்கு மட்டும் இடர்செய்யும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தது. எனினும், 1953இற் பிரிவிக் கவுன்சில் இச்சட்டங்கள் செல்லுமென்றே தீர்த்தது.

நம்மவர் செய்ததென்ன? செல்வநாயகம் போன்றோர் எதிர்த்து நின்று, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். "மலைநாட்டார் வழக்கு நமக்கெதற்கு?" என்றிருந்தோரும் உளர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, வழக்கு நம் வாசலுக்கே வந்துவிட்டது. மலைநாட்டில் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேதான்.

அன்பர்களே, அயலான் வயலுக்கு மடை அடைபட்டால் நம் கமக்காரர் வாளாவிருப்பதில்லை. வாய்க்கால் ஒன்றே என்பதை அவர் அறிவர். ஆலையடிவேம்பில் வாழும் நாமும், அக்கரைப்பற்று முஸ்லிம் சகோதரரும், மலைநாட்டாரும் ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர். பிறர் உரிமை குறையும்போதே பேசுவோமாக.