முத்தும் குருதியும்

மாணவர்களே, எங்கள் ஸ்ரீவைகுண்டத்திற்கு நேர் கிழக்கே உள்ள கொற்கை, முத்துக்குப் பெயர் பெற்ற பழந்துறை. மழைத்துளி சிப்பிக்குள் வீழ்ந்து முத்தாகிறது என்று முன்னோர் பலர் நம்பினர். அழகிய கற்பனைதான். உண்மையோ அதனினும் வியப்பானது.

சிப்பியின் ஓட்டை உட்புறம் ஒட்டி, போர்வைபோல் ஒரு மெல்லிய சதை உண்டு. அதன் விளிம்பிலுள்ள உயிரணுக்கள் ஓட்டின் கரடான வெளிப்பகுதியை ஆக்குகின்றன. சற்று உள்ளே இருப்பவையோ சுண்ணப் பொருளை மிக மெல்லிய தகடுகளாக அடுக்கி, ஒளிரும் முத்துப்பூச்சை ஆக்குகின்றன. அண்டை வீட்டாரே, தொழில்தான் வேறு.

தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றது. பார்களில் சிப்பிகள் அருகிவிட்டன. 1973-இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமி, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் முத்தை வளர்த்துக் காட்டினார். ஒரு சிப்பியின் போர்வைச் சதையில் சிறு துண்டை நறுக்கி, ஓட்டிலிருந்து கடைந்த மணியொன்றுடன் வேறொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வைப்பதே முறை. மணியை மட்டும் வைத்தால் முத்து விளையாது. அவ்வுறுப்பின் அணுக்களுக்கு அவ்வேலை தெரியாது. சதைத் துண்டின் அணுக்களே பெருகி, மணியைப் பைபோல் சூழ்ந்து, பூச்சின்மேல் பூச்சாக இடுகின்றன. புகுந்த வீடு புதிது. கைத்தொழில் மட்டும் மாறவில்லை!

இவ்வாறு பெருகும் வாய்ப்புத் தொழில் கற்ற எல்லா அணுக்களுக்கும் இல்லை. நம் சிவப்பணுவைப் பாருங்கள். பிராணவாயுவைச் சுமக்கும் பொருளுக்கு இடம்விடத் தன் உட்கருவையே அது இழந்துவிடுகிறது. ஆகவே பிளந்து பெருக இயலாது. ஏறக்குறைய 120 நாளில் அதன் வாழ்வு முடிகிறது. அப்படியானால் குருதி வற்றாதிருப்பது எங்ஙனம்? எலும்பு மஜ்ஜையில் குருத்தணுக்கள் உள்ளன. இவை எத்தொழிலிலும் இறங்காதவை. பிளக்கும்போது தம்மைப் போன்றவற்றைக் குறைவின்றி வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சிவப்பணு, வெள்ளணு முதலிய பணிகளுக்கு அனுப்புகின்றன. நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் இவ்வாறு பிறக்கின்றன.

இக்குருத்திலேயே பிறவிக் குறை இருப்பின்? தலசீமியா என்னும் நோயுற்ற குழந்தைக்கு வாரக்கணக்கில் பிறர் குருதியை ஏற்றியே உயிர்காக்க வேண்டியுள்ளது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. பொருந்திய உடன்பிறப்பின் மஜ்ஜையை நரம்பு வழியே குருதியில் செலுத்துகின்றனர். குருத்தணுக்கள் தாமே எலும்புக்குள் வழி கண்டு குடியேறுகின்றன. தம்பியின் இரத்த வகை வேறாயிருந்தால், குணமடைந்த தமக்கையின் உடலிலும் நாளடைவில் தம்பியின் வகையே ஓடத் தொடங்கும்.