ஆசையா? ஆய்வா?

(‘பழைய டிராலர் படகு வாங்கிக் கடலோரம் குடியிருக்க விரும்புவோருக்கு முதல் தேவை ஆசையே! ஆய்வே!’ என்ற தலைப்பில் ஃபிளாரிடா மேடையில் ‘ஆய்வே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! ஆசை ஆசை என்று அலைமோதிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் சொன்னார், ‘படகு வாங்குறது காதல் மாதிரி, காதலுக்குக் கண் இல்லை’ என்று. காதலுக்குக் கண் இல்லாம இருக்கலாம் ஐயா. பழைய படகுக்கு ஓட்டை இருக்கே! (சிரிப்பு, கைதட்டல்)

டிராலர் என்றதும் சிலபேர் வலையும் மீனும்னு நினைப்பீங்க. இது அந்த டிராலர் இல்லை. மீன்பிடி படகின் சாயலில், குடியிருக்கவென்றே கட்டியது. 1960-களில் ஹாங்காங்கிலே கிராண்ட் பேங்க்ஸ் படகுகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு தைவான் பட்டறைகளிலிருந்தும் ஏராளமாக வந்து இறங்கின. 36 அடி நீளம். உள்ளே படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் உண்டு. மணிக்கு 7 நாட், அதாவது சுமார் 13 கிலோமீட்டர்தான் வேகம். நம்ம ஊர் டவுன் பஸ் முந்திக்கொண்டு போகும்! (சிரிப்பு) ஆனால் டீசல் கொஞ்சமாகத்தான் குடிக்கும். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை, பெரும்பாலும் திறந்த கடலுக்குள் போகாமலே செல்ல 1,000 மைலுக்கு மேல் உள்நீர் வழி இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

எங்க வீட்டுக்காரருக்கும் வந்தது. ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு படகைப் பார்த்துவிட்டார். 1979-இல் தைவானில் கட்டியது. மேல்தளம் முழுக்கத் தேக்கு! வார்னிஷ் பளபளவென்று மின்னுகிறது. விலை 45 ஆயிரம் டாலர். ‘தேக்கும்மா, நம்ம ஊர்ல கதவுக்கே தேக்கு கிடைக்கல, இங்க தரையே தேக்கு’ என்று குழந்தை மாதிரி குதிக்கிறார். தரகர் சொன்னார், ‘இன்னொருத்தர் நாளைக்கு வர்றார், இன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்துடுங்க.’ இந்த ‘இன்னொருத்தர்’ இருக்காரே, கல்யாணத் தரகர் காலத்திலிருந்து எல்லா வியாபாரத்திலேயும் வர்றார். ஒரு தடவையாவது அவர் முகத்தைப் பார்த்திருக்கோமா? (பலத்த சிரிப்பு)

நான் சொன்னேன்: ‘ஏங்க, ஊர்ல தேங்காய் வாங்கினாக்கூட தட்டிப் பார்த்துத்தானே வாங்குறோம்? 45 ஆயிரம் டாலர் படகைத் தட்டிப் பார்க்காம வாங்கலாமா?’

விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் நடுவர் அவர்களே, படகு ஆய்வாளர் வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு சின்ன சுத்தியல்! மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங் என்று வந்தது. திடீரென்று தொப், தொப். அவர் முகம் மாறியது. எங்க வீட்டுக்காரர் முகம் அதைவிட மாறியது.

காரணம் என்ன? அந்தத் தேக்குப் பலகையைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான திருகாணி, நூற்றுக்கணக்கான துளை. கீழே இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்கு, நடுவில் மரம். நாற்பது வருஷமாக அந்தத் துளை வழியாக மழைத் தண்ணி இறங்கி நடுமரம் களியாகிவிட்டது. அதோடு போச்சா? ஒழுகிய தண்ணி கீழே இரும்பு டீசல் தொட்டி மேலே சொட்டி, தொட்டி மேலிருந்து துருப்பிடித்துவிட்டது. தொட்டியை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினை நகர்த்த வேண்டும். எல்லாம் சேர்த்துப் பழுது பார்க்க 40 ஆயிரம் டாலர் என்றார்கள். யானை விலை ஒரு பங்கு, அங்குசம் விலை இன்னொரு பங்கு! (கைதட்டல்)

எதிரணித் தங்கை கேட்டார், ‘ஆய்வு ஆய்வுன்னு இருந்தா ஆயுசு முடிஞ்சிடாதா?’ இல்லையம்மா. ஆய்வுக்கு ஆனது ஒரே நாள். படகைத் தண்ணியிலிருந்து தூக்கி அடிப்பகுதியைப் பார்த்தார். எஞ்சின் எண்ணெயை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடலில் முழு வேகத்தில் ஓட்டிச் சூடேறுகிறதா என்று பார்த்தார். இதையெல்லாம் பார்க்காதவருக்குத்தான் ஆயுசு முடியும், பட்டறை வாசலிலே!

இன்னொன்று சொன்னார். ‘எஞ்சின் கொஞ்ச நேரம்தான் ஓடியிருக்குன்னு சந்தோஷப்படாதீங்க’ என்றார். நன்றாகப் பராமரித்து ஓட்டின டீசல் எஞ்சின் நிலைக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சின் உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும். மனுஷனுக்கும் அதே கதைதான்!

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே நிமிடம், ஐயா. எங்கள் படகுத்துறையில் ஒரு தம்பதி. ஆசைப்பட்டார்கள். ஆய்வு வேண்டாம் என்றார்கள். வீட்டை விற்றுப் படகு வாங்கினார்கள். இரண்டு வருஷம் அந்தப் படகு பட்டறையை விட்டு நகரவில்லை. கையிருப்பு கரைந்து, வந்த விலைக்கு விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நாங்க கடலுக்குப் போகலை’ என்று அழுதார். நடுவர் அவர்களே, அவர்களிடம் ஆசை குறைவாகவா இருந்தது? (அமைதி)

நாங்கள் அந்தத் தேக்குப் படகை விட்டுவிட்டோம். பதினோரு மாதம் கழித்து, தேக்கை ஏற்கெனவே உரித்துத் தளத்தைப் பூசி, தொட்டியும் மாற்றிய ஒரு படகு கிடைத்தது. பளபளப்பு இல்லை. தட்டினால் ணங் என்றது. வாங்கினோம். விலைக்கு மேலே பழுதுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினோம். இன்று காலை அந்தப் படகில்தான் இட்லி சாப்பிட்டுவிட்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்! (கைதட்டல்)

வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். நம்ம பாட்டி அதையே சுருக்கமாக, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றாள். ஆசை படகைத் தேட வைக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தப் படகை வேண்டாம் என்று சொல்வது என்பதை ஆய்வுதான் சொல்லித்தரும். அந்த ஒரு ‘வேண்டாம்’தான் எங்கள் முதுமையைக் காப்பாற்றியது. ஆகவே முதல் தேவை ஆய்வே, ஆய்வே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.