நிழல் கொடுப்பதும் இபாதத்தே!

(கீழக்கரையில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அன்புச் சகோதரர்களே! கோடை மதியத்தில் நாம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து விடுகிறோம். அந்த நேரத்தில் வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர் யார்? பாம்பன் கரையில் கருவாடு காய வைக்கும் தாய்மார்கள் யார்? நம் கடை வாசலில் மூட்டை இறக்குகிறவர் யார்?

'கடற்கரை ஊர்தானே, காற்று வரும்' என்கிறோம். ஆனால் காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது.

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, ஒதுங்க இடமில்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். நிழல்தான் எல்லோருக்கும் கிடைக்கவில்லை!

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே சூடு தணியும்வரை பிற்படுத்தச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். தொழுகைக்கே அந்தச் சலுகை என்றால், உங்கள் லாரி லோடுக்கு ஏன் இல்லை? தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதை பயானில் கேட்டு உருகுகிறோம். கடைப் பையன் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்தோமா?

வணிகர்களே! பகல் 12 முதல் 3 வரை மூட்டை ஏற்றி இறக்க வைக்காதீர்கள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.

இளைஞர்களே! பிள்ளைகள் துபாயில், மலேசியாவில். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும். இப்படித் தனித்திருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவோர் ஆகியோரை மஹல்லாவாரியாகப் பட்டியல் எடுங்கள். மதியம் ஒருமுறை கதவைத் தட்டுங்கள். பள்ளிவாசல் முன் தண்ணீர்ப் பானை வையுங்கள். குடிக்க வருபவர் எந்த மதம் என்று பார்க்காதீர்கள்.

ஒருவர் உடல் கொதித்து, பேச்சு குழறி, மயங்கினால் 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

கடைசியாக ஒன்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் மரணத்தின் காரணத்துக்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும். நாமோ மய்யித்தை விரைந்து அடக்கி விடுகிறோம். மறுநாள் சான்றுக்கு வழியில்லை. இனி கபன் விரிக்கும் முன்பே அரசு மருத்துவருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் ஜமாஅத் தகவல் கொடுக்கட்டும். ஏழைக் கைம்பெண்ணின் உரிமையையும் சேர்த்து மண் மூடி விடாதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமையே பட்டியலைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.