ஒற்றைப் படி படியன்று

(திருமங்கலத்தில் தமிழன்பர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



தமிழிசையைக் காத்தல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இப்பொருள் பற்றி மேடையில் முழங்குதல் எளிது. ஆயின், யான் இன்று முழங்க வந்திலேன். குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வந்துள்ளேன். தமிழிசையைக் காப்பதாக எண்ணிக்கொண்டே அதன் ஒரு கூற்றை என் கையால் அழித்தவன் யான்!

கல்லூரியில் தமிழ் பயின்ற நாளில், 1990களின் தொடக்கத்தில், கடன் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இக் கரிசற் காட்டுச் சிற்றூர்கள்தோறும் அலைந்தேன். களையெடுக்கும் பெண்டிர் பாட்டு, பருத்தி எடுப்போர் பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி என 140 ஒலிப்பேழைகள் நிரம்பின. அவற்றுள் ஒன்றில் என் அப்பத்தாவின் குரல் இருந்தது. அவர் எழுத்தறியாதவர்; தம் தாயிடம் கேட்ட தாலாட்டைத் தம் மக்களுக்கும் பேரர்க்கும் பாடியவர். அவருக்குப்பின் அப்பாட்டை முழுமையாக அறிந்தவர் எவருமிலர்.

2009இல் அவ்வொலிப்பேழைகள் அனைத்தையும் கணிப்பொறி வழியாக ஒரே வன்தட்டில் ஏற்றினேன். 'எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இனி இக்குப்பை எதற்கு?' என்று, அடுத்து வந்த போகி நாளில் ஒலிப்பேழைகளை மூட்டை கட்டி வெளியேற்றினேன். 2014இல் ஒருநாள் மேசையினின்று அவ்வன்தட்டு கீழே விழுந்தது. மீண்டும் இணைத்தபோது, உள்ளே ஏதோ தட்டும் ஒலியன்றி வேறொன்றும் எழவில்லை. செப்பனிடுவோர் திறந்து பார்த்து, தட்டின் பரப்பே சுரண்டப்பட்டுவிட்டது எனக் கைவிரித்தனர். ஈராண்டு அலைச்சலும், மாண்டுபோன முதியோர் பலரின் குரலும், என் அப்பத்தாவின் தாலாட்டும் ஒரு நொடியில் ஒழிந்தன.

பெருமக்களே! வன்தட்டு விழுந்ததையன்று, அந்தப் போகி நாளையே யான் என் குற்றமாகக் கருதுகின்றேன். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட நம் முன்னோரைப் பழிக்கின்றோமே! பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிய பின்னரே அவ்வாறு விடுதல் முறையாக இருந்திருக்கும். படியெடுக்காமலே விட்டவரால் நூல்கள் அழிந்தன. படியெடுத்தும், எடுத்த படி ஒன்றேயாக இருக்க மூலத்தை எறிந்த யான் அவரினும் எவ்வகையில் மேலானவன்?

திருமுறை கண்ட வரலாற்றை நீவிர் அறிவீர். மூவர் பாடிய பதிகங்கள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன என்றும், சோழ வேந்தன் நம்பியாண்டார் நம்பியின் துணையால் அவ்வறையைத் திறப்பித்தபோது, ஏடுகளின் பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். பூட்டு வலிமையானதே, கள்வன் நுழைந்திலன். ஆயின், கரையானுக்குத் திறவுகோல் எதற்கு?

அந்நூலே கூறும் மற்றொரு செய்தியையும் கருதுக. எஞ்சிய பாடல் கிடைத்தது. அதனைப் பாடும் பண் தெரிந்திலது. எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரிடமிருந்தே பண்முறை பெறப்பட்டது. ஏடு ஓரிடத்தில் அழிந்துகொண்டிருக்க, பண் வேறோர் ஊரில், வேறொரு கொள்கலத்தில், ஒரு பெண்ணின் தொண்டையில் வாழ்ந்திருந்தது! பூட்டி வைத்தது காவாதொழிய, பாடிக்கொண்டே இருந்தது காத்தது. வேறிடம், வேறு கலம், ஓயாத பயிற்சி என்னும் இம்மூன்றையும் உள்ளத்தில் இருத்துக. இன்றைய எண்மத் தொகுப்பைக் காக்கும் முறையும் இதுவே.

அம்முறையை விளக்குவேன். முதலாவது, ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் வேண்டும். இரண்டாவது, அவை இருவேறு வகைக் கலங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வன்தட்டாயின் மற்றொன்று இணையவழிச் சேமிப்பகமாகலாம். மூன்றாவது, அவற்றுள் ஒன்றேனும் வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். வீட்டில் தீப்பற்றினாலோ வெள்ளம் புகுந்தாலோ ஒரே நிலைப்பேழையிலுள்ள மூன்று படிகளும் ஒருங்கே அழியுமன்றோ?

வேறூர் எதற்கு என்பார்க்கு யாழ்ப்பாணமே விடை. 1981இல், மே 31ஆம் நாளிரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களிற் பலவற்றை மீண்டும் வாங்கலாயிற்று. படியில்லாச் சுவடியை எக்கடையில் வாங்குவது?

இக்கேடு ஏழையர்க்கு மட்டுமே உரியதும் அன்று. 2008ஆம் ஆண்டு சூன் முதல் நாள், அமெரிக்காவின் ஆலிவுட்டிலுள்ள யூனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில், புகழ்பெற்ற பாடகர் பலரின் மூல ஒலிப்பதிவுகள் எரிந்தன. அவ்விழப்பின் பெருமை 2019இல்தான் வெளிப்பட்டது. அதே 2019இல் மைசுபேசு என்னும் இணைய நிறுவனம், தன்னிடம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள், கணிப்பொறி மாற்றத்தின்போது அழிந்தன என ஒப்புக்கொண்டது. முன்னரே சிலர் ஆய்வுக்கெனப் படியெடுத்து வைத்திருந்தமையால் ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மட்டும் மீண்டன. ஆதலின் இணையச் சேமிப்பகம் ஒரு படியாக இருக்கலாம்; ஒரே படியாக இருத்தல் கூடாது.

ஈண்டு ஒரு மயக்கத்தையும் தெளிவித்தல் வேண்டும். இரு வன்தட்டுகளை இணைத்து ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் உடனே எழுதப்படுமாறு அமைப்பதையே காப்பு எனச் சிலர் கருதுவர். அது நிலைக்கண்ணாடி போன்றது. ஒன்றில் தவறி ஒரு பாடலை அழித்தால் மற்றொன்றிலும் அது அழியும். காப்புப்படி என்பது, எழுதியபின் கழற்றித் தனியே வைக்கப்படுவது.

இனி வடிவம். இடத்தைச் சேமிக்கும் பொருட்டுப் பலரும் எம்.பி.3 வடிவில் ஒலியைச் சுருக்குகின்றனர். அச்சுருக்கத்தில் ஒலியின் ஒரு பகுதி களையப்படுகின்றது, களைந்தது மீளாது. என் 140 மணி நேரப் பதிவு, நொடிக்கு 128 கிலோபிட்டு அளவில் சுருக்கினால் 8 கிகாபைட்டு ஆகும். நொடிக்கு 48,000 கூறுகளும் 24 பிட்டு நுண்மையுமாக, சுருக்காமல் ஈரொலித்தடத்தில் பதிந்தால் மணிக்கு ஒரு கிகாபைட்டுக்குச் சற்று மிகுதியாக, மொத்தம் 145 கிகாபைட்டு ஆகும். இன்று எளிதிற் கிடைக்கும் ஒரு டெராபைட்டு வன்தட்டில் அஃது ஏழில் ஒரு பங்கே. ஃபிளாக் என்னும் இழப்பில்லா வடிவில் வைப்பின் இன்னும் குறையும். மூலத்தை இழப்பின்றி வைத்துக்கொண்டு, கைப்பேசியில் கேட்பதற்கு மட்டும் சுருக்கிய படியைப் பயன்படுத்துக.

பெயரிடுதலும் காப்பின் ஒரு பகுதியே. 'தடம் 01' எனப் பெயரிட்ட கோப்பு, ஊர்பேரற்ற பிணம் போன்றது. பாடியவர், ஊர், ஆண்டு, பாட்டின் வகை ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலும் குறிப்பேட்டிலும் எழுதுக. குடுமியான்மலையில் 1,300 ஆண்டுகட்கு முற்பட்ட இசைக் கல்வெட்டு இன்றும் அழியாமல் உள்ளது. எழுத்துகள் உள; அவற்றை எவ்வாறு இசைத்தனர் என்பதில் அறிஞர் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். கல் காத்தது, விளக்கம் காக்கப்படவில்லை. குறிப்பில்லாப் பதிவு நாளை அந்நிலையையே எய்தும்.

இறுதியாக, சரிபார்த்தல். ஒவ்வொரு கோப்பிற்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணிப்பொறி கணித்துத் தரும். கோப்பில் ஓர் எழுத்தளவு பிறழினும் அவ்வெண் மாறிவிடும். ஆண்டுக்கொருமுறை, தைத் திங்கள் முதல் நாளில், எண்களை ஒப்பிட்டுச் சில பாடல்களையேனும் கேட்டுப் பார்க்க. வன்தட்டு நிலைத்த பொருளன்று. சில ஆண்டுகட்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுக. ஒலிப்பேழையைப் படியெடுக்குந்தோறும் ஓசை தேயும். எண்மக் கோப்போ ஆயிரமுறை படியெடுப்பினும் தேயாது. முன்னோர்க்குக் கிட்டாத இப்பேற்றைப் பெற்றும் ஒற்றைப் படியோடு நிற்பது மடமையன்றோ?

நம் மதுரையில் விசயலட்சுமி நவநீதகிருட்டிணன் அவர்களும் அவர்தம் கணவரும் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினர். அத்தகையோர் உழைப்பைப் போற்றுவோம். ஆயின், உங்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் ஒலிப்பேழையிலுள்ள குரலை வேறெவர் வந்து திரட்டுவர்?

என் கதையின் முடிவைச் சொல்லி அமர்கின்றேன். வன்தட்டு அழிந்த மறு ஆண்டு, திருப்பூரில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். "ஐயா, பள்ளி விழாவுக்காக அன்று என் கைப்பேசியில் ஏற்றித் தந்த பாட்டுகள் அப்படியே உள்ளன" என்றார். பதினொரு பாடல்கள்! சுருக்கிய வடிவம், ஓசை சற்றுக் குறைவு, ஆயினும் உயிர் இருந்தது. அவற்றுள் ஓர் ஒப்பாரியைப் பாடிய மூதாட்டியின் பேத்தியரை அழைத்துக் கேட்பித்தேன். முகமே நினைவில்லாத பாட்டியின் குரலைக் கேட்டு அவர்கள் விம்மினர்.

யான் பூட்டிவைத்தது அழிந்தது. பிறர்க்கு ஈந்தது மீண்டது.

அப்பத்தாவின் தாலாட்டு அப்பதினொன்றில் இல்லை. முதல் இரண்டடி மட்டும் என் நினைவில் உள்ளது. மூன்றாம் அடியின் இசை எவ்வாறு திரும்பும் என்பதை எத்தனை இரவு முயன்றும் என்னால் மீட்க இயலவில்லை.

அன்பர்களே! இன்றிரவே பரணில் ஏறுங்கள். வீட்டிலுள்ள ஒலிப்பேழைகளை எண்ணுங்கள். படியெடுங்கள், ஒன்றை வெளியூர் உறவினர்க்கு அனுப்புங்கள், மூலத்தை எறியாதீர்கள். கருவியில்லாதார் ஞாயிறுதோறும் என் இல்லத்திற்கு வரலாம். கருவியும் என் உழைப்பும் உங்களுக்கு உரியன. உங்கள் அப்பத்தாவின் மூன்றாம் அடியேனும் அழியாதிருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழிசை!